சாடிக்கு ஏற்ற மண்

வீட்டு வாயிலில் வைத்த ரோசாக் கன்று வாடிவிட்டால் நம்மவர்கள் முதலிற் குறை கூறுவது தங்கள் கையை. "அவளுக்குக் கைராசி, பட்ட தடியை ஊன்றினாலும் தளிர்க்கும். எனக்கு ஒன்றும் வராது" என்று அடுத்த வளவைப் பார்த்துப் பெருமூச்செறியும் சகோதரிகள் பலர். கைக்கு அடுத்தபடியாகப் பழியேற்பது நாவூறு. அதற்கும் அடுத்தபடியாகக் கன்றை விற்றவர். இம்மூவரையும் விசாரித்து விடுதலை செய்துவிட்டுச் சாடியைக் கவிழ்த்துப் பார்ப்போமானால், உண்மைக் குற்றவாளி உள்ளேயே ஓசையின்றி இருப்பது புலனாகும். அதுதான் மண்.

கெட்ட மண் என்று எண்ணிவிட வேண்டாம். சாடிகளிற் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் நல்ல மண்தான். வயலிலே பொன் விளைக்கும் வண்டலும், தோட்டத்திலே மிளகாயைக் காய்த்துக் குலுங்கச் செய்யும் செம்மண்ணும், ஒரு முழ உயரமுள்ள சாடிக்குள் அடைபட்டதும் குணம் மாறிவிடுகின்றன. நிலத்துக்கு நல்ல மண் வேறு; சாடிக்கு நல்ல மண் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்குமாதலின், இவ்வாரம் நமது பகுதியை முழுவதும் இதற்கே ஒதுக்குகின்றோம்.

பூச்சாடி என்பது ஓய்வுள்ளவர்களின் அலங்காரப் பொருள்தானே, அதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்போர் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு முந்திய ஆண்டு, 2021 மே மாதத்தில், நமது நாட்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதாயினும் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியிலே சந்தைக்குச் சென்ற இல்லத்தரசிகள் பாதிப் பையோடு திரும்பினர். 2022 யூனில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து, வீட்டிலே பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே கூறியது. வளவுள்ளவர்கள் வெண்டியும் பயற்றையும் நட்டார்கள். வளவில்லாதவர்கள் என் செய்வார்கள்? வாடகை அறைகளிலும் அரச விடுதிகளிலும் மாடி வீடுகளிலும் குடியிருப்போர், உரப்பையிலும் உடைந்த வாளியிலும் மண்ணை நிரப்பி மிளகாயும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். காலையும் மாலையும் தவறாமல் நீரூற்றியும், பூக்கும் முன்னரே அவை மஞ்சளித்து மடிந்த கதையைப் பல வீடுகளிற் கேட்கலாம். அங்கே உழைப்புக்கும் குறைவில்லை, நீருக்கும் குறைவில்லை. கையருகே கிடைத்த மண்ணை அப்படியே அள்ளி நிரப்பியதுதான் வினை.

நம்முடைய திருகோணமலைப் பகுதியின் மண்ணைச் சற்று நோக்குவோம். கடலோரமாக உப்புவெளி, நிலாவெளி என்று வடக்கே செல்லச் செல்லக் காலடியில் இருப்பது மணல். உப்புவெளி என்ற பெயரே அதன் குணத்தைச் சொல்லாமற் சொல்லுகிறது. துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு கண்டி வீதி வழியாகச் சீனக்குடா, கப்பல்துறை என உட்புறமாக வருவோமானால், மணல் குறைந்து செம்மண்ணும், நாம் கிறவல் என்று வழங்கும் சரளை மண்ணும் தலைகாட்டும். அதற்கும் அப்பால், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களிலே களிப்பாங்கான மண். கொட்டியாரக் குடாவின் தென்பக்கம், மகாவலி கடலோடு கலக்கும் மூதூர்ப் பகுதியிலே ஆறு சுமந்துவந்து படிய வைத்த வண்டல். ஒரு சிறு பஸ் பயணத்துக்குள் இத்தனை விதமான மண் நமக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் தனியாகச் சாடிக்கு ஏற்றதன்று!

ஏன் என்பதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு பரிசோதனை போதும். மாணவர்கள் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் தடித்த பஞ்சுத்துண்டு ஒன்றை நீரிலே நன்றாக ஊறவைத்து, உள்ளங்கையிற் படுக்கையாக ஏந்துங்கள். சிறிது நேரம் நீர் சொட்டும், பின்னர் நின்றுவிடும். இனி ஒரு சொட்டும் வராது என்று தோன்றும்போது, பஞ்சைப் பிழியாமல் நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடியும் நீர் சொட்டுவதைக் காண்பீர்கள். பஞ்சு அதே பஞ்சு. நீரும் அதே நீர். மாறியது உயரம் மட்டுமே. உயரம் கூடியவுடன், முன்பு பிடித்து வைத்திருந்த நீரில் ஒரு பகுதியைப் பஞ்சு கைவிட்டுவிட்டது.

சாடியிலுள்ள மண்ணும் இத்தகைய பஞ்சே. நிலத்திலே நீர் ஊற்றினால், அடியிலுள்ள மண் மேலுள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கீழே இழுத்துக்கொள்கிறது. அந்த இழுவை பல முழ ஆழத்துக்குத் தொடர்கிறது. சாடியின் அடியிலோ இழுப்பதற்கு மண் இல்லை. வெறும் காற்றுத்தான் உண்டு. ஆகவே அடித்துவாரம் திறந்திருந்தாலும், சாடியின் கீழ்ப்பகுதி மண் தன் துளைகளில் எல்லாம் நீரைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று நனைந்தே நிற்கும். மண் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சேற்றுப்படை ஏறும். சாடி குட்டையானதாக இருந்தாலோ, மேல்வரை சேறுதான்.

வேர் நீரை மட்டும் உண்டு வாழ்வதன்று. அதுவும் மூச்சு விடுகிறது. மண்ணின் துளைகளிற் காற்றிருந்தால் அதற்கு ஒட்சிசன் கிடைக்கும். அத்துளைகளை நீர் அடைத்துக்கொண்டால், காற்றிற் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஒட்சிசன் நீரினூடு பரவி வரும். மூச்சு முட்டிய வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. நீர் உறிஞ்சாத செடி வாடும். வாடிய செடியைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஐயோ பாவம், தாகம் என்று இன்னொரு குவளை நீரை ஊற்றுகிறோம். தண்ணீரில் மூழ்குகிறவன் வாயில் தண்ணீர் வார்ப்பது போன்ற இரக்கம் இது.

இவ்விடத்திலே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு பழக்கத்தையும் மறுத்துரைக்க வேண்டியிருக்கிறது. சாடியின் அடியிலே நாலு விரற்கடைக்குக் கல்லும் செங்கட்டித் துண்டும் பரப்பி, அதன்மேல் மண் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. நூல்கள் பலவற்றிலும் அச்சேறிய நம்பிக்கை. உண்மை இதற்கு மாறானது. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், பரும்படியான கல்லிடுக்குக்கு எளிதில் இறங்காது. மேலுள்ள மண் முற்றாக நிறைந்து வழியும்வரை அது கல்லின் மேலேயே தங்கி நிற்கும். ஆகவே சேற்றுப்படை ஒழிவதில்லை; நாலு விரற்கடை மேலே ஏறி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துவாரத்தின் வழியே மண் கழுவுண்டு போகாதிருக்க, வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற் போதும். கல்லைச் சுமந்து சாடியைக் கனமாக்குவதால் ஏற்படும் ஒரே நன்மை, கச்சான் காற்றில் அது விழாதிருப்பதுதான்.

கச்சான் என்றதும் நினைவுக்கு வருகிறது. (இங்கே சொல்வது காற்றை, கொறிக்கும் கச்சானையன்று. அதன் கோதுக்கும் பின்னால் வேலை உண்டு.) நம் ஊர்ச் சாடிமண்ணுக்கு வேறிடங்களில் இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, மத்திய மலைகளைத் தாண்டி மழையை அங்கேயே இழந்துவிட்டு வரும் உலர்ந்த வெப்பக் காற்று இலையிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பின்னர் ஐப்பசியில் மழை தொடங்கும். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றிலிரண்டு பங்கு ஐப்பசி முதல் தை வரையிலான நாலு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே நாம் தேடும் மண் வெயில் மாதங்களில் நீரைப் பிடித்து வைக்கவும் வேண்டும், மாரியில் நீரை விட்டொழிக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு வேலைகளையும் ஒரே மண்ணிடம் கேட்கிறோம். இயற்கையான மண் எதுவும் தனித்து இதனைச் செய்யாது. பருமனான துகள்களும், நீரை உறிஞ்சி வைக்கும் மக்கிய பொருள்களும் கலந்த கலவையே செய்யும்.

இனி, நம்மிடமுள்ளவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

கடல் மணல் அருகில் இருக்கிறது, விலையும் இல்லை. ஆயினும் அதைத் தொடவேண்டாம். அதிலுள்ள உப்பு ஒரு குறை; சங்கு சிப்பிகளின் சுண்ணாம்பு மற்றொரு குறை. உப்பையாவது பலமுறை கழுவி நீக்கலாம், சுண்ணாம்பு போகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலே இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. வெட்சியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றைய இடமெல்லாம் மஞ்சளாக மாறுவது இதனாலேதான். இதற்குத் துருப்பிடித்த ஆணியை வேரடியிற் புதைப்போர் உண்டு. மண்ணில் உள்ள இரும்பையே எடுக்க முடியாத வேர், ஆணியை மட்டும் எப்படித் தின்னும்?

புல்மோட்டைக் கரையிற் காணும் கரிய மணலைப் பற்றி மாணவர்கள் கேட்கக்கூடும். கறுத்த மண் எல்லாம் வளமான மண் என்றொரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. காட்டிலே இலை மக்கிக் கறுத்த மண்ணுக்கு அது பொருந்தும். புல்மோட்டை மணலின் கருமை இல்மனைற்று என்னும் கனியத்தின் நிறம். இரும்பும் தைத்தேனியமும் கலந்த அக்கனியம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தரும். கத்தரிச் செடிக்கு ஒன்றும் தராது.

அடுத்தது வண்டலும் களியும். குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கந்தளாய்க் குளத்தின் அடிமண்ணை வயலுக்கிடும் உழவனுக்கு அது செல்வம். நெல் நீரில் நின்று வளரும் பயிர்; அதன் தண்டினூடே வேருக்குக் காற்றுச் செல்ல வழி இருக்கிறது. மிளகாய்க்கு அவ்வழி இல்லை. களிமண் நிறைந்த சாடி மாரியிற் சேறாகவும், கச்சானிற் செங்கட்டியாகவும் மாறும். வெடித்த களியின் ஓரமாக ஊற்றிய நீர் முழுவதும் சாடியின் சுவரோடு வழிந்து வெளியேறிவிட, நடுவேர் உலர்ந்தே கிடக்கும். புற்றுமண்ணுக்கும் இதே கதிதான்.

ஆகவே, எஞ்சி நிற்பது உட்பகுதிச் செம்மண். சாடிக் கலவைக்கு அடிப்படையாக நாம் பரிந்துரைப்பது இதுவே. ஆனால் எல்லாச் செம்மண்ணும் ஒன்றல்ல. வீடு கட்ட அத்திவாரம் தோண்டும்போது வெளிவரும் ஆழத்து மண்ணிலே சாரம் இல்லை. புல் முளைத்த இடத்தில் மேலே ஒரு சாண் ஆழத்துக்குள் உள்ள மண்ணையே எடுக்கவேண்டும். கிறவற் கல்லை அரிதட்டில் அரித்து நீக்கிக்கொள்க. சீமெந்து குழைத்த இடத்து மண்ணைத் தவிர்க்க, அதுவும் சுண்ணாம்பே.

எடுத்த மண்ணிற் களி எவ்வளவு என்று அறிய, கண்ணாடிப் போத்தல் ஒன்றிற் பாதிக்குக் குறைவாக மண்ணைப் போட்டு, நீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் அடியிற் படிவது மணல். அதன் துகள் 0.05 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. சில மணி நேரத்திற் படிவது நுண் வண்டல். மறுநாளும் நீரைக் கலக்கலாக வைத்திருந்து மெல்ல மெல்லப் படிவது களி. அதன் துகள் 0.002 மில்லிமீற்றரினும் சிறியது. மேலே மிதப்பவை இலைதழைத் துணுக்குகள். பாதிக்கு மேல் மணலாகவும், களி ஐந்திலொரு பங்குக்கு மேற்படாமலும் இருந்தால் அது நம் வேலைக்கு நல்ல மண். பாடசாலையில் ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊர் மண்ணை ஒவ்வொரு போத்தலில் இட்டு வரிசையாக வைத்தால், உப்புவெளிப் போத்தலும் தம்பலகாமத்துப் போத்தலும் ஒரே மாவட்டத்தவை என்று நம்புவதற்கே கடினமாயிருக்கும்!

மண்ணுக்கு அடுத்து வேண்டியது நீரைப் பிடிக்கும் பொருள். மேனாட்டார் இதற்கு முற்றா நிலக்கரியைப் பயன்படுத்தினர். இங்கிலாந்திலே, 1930ஆம் ஆண்டுகளில், மேர்ட்டனில் இருந்த ஜோன் இன்னிஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லோறன்ஸ், ஜோன் நியுவெல் என்னும் இருவர் சாடிமண் பற்றி ஆராய்ந்தார்கள். அவர்கள் ஆராய்ச்சிக்காக வளர்த்த நாற்றுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததே அதற்குக் காரணம். அக்காலத்துத் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வோர் இரகசியக் கலவை வைத்திருந்தனர். தந்தை மகனுக்கு மட்டும் சொல்லும் மருந்து போல. லோறன்ஸும் நியுவெலும் பலநூறு சோதனைக்குப் பின்னர், இத்தனை இரகசியம் தேவையில்லை, அளவும் சுத்தமும் சரியாயிருந்தால் இரண்டே கலவை பெரும்பாலான செடிகளுக்குப் போதும் என்று காட்டினர். வளர்ந்த கன்றுக்கு அவர்கள் வகுத்த அளவு: வெப்பமூட்டிச் சுத்தம் செய்த தோட்டமண் 7 பங்கு, முற்றா நிலக்கரி 3 பங்கு, பரும்படி மணல் 2 பங்கு. அதை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டும் விட்டார்கள்.

முற்றா நிலக்கரி நம் நாட்டிலே எளிதிற் கிடைப்பதன்று, கிடைக்கவும் வேண்டாம். நம்மிடம் தும்புச்சோறு இருக்கிறது. பொச்சுமட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது உதிரும் அத்தூளை ஒரு காலத்திலே தும்பாலைகளின் அருகே மலைபோலக் குவித்துக் கைவிட்டார்கள். இன்று அதே தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டு நம் நாட்டிலிருந்து கப்பலேறி, மேனாட்டுக் கண்ணாடி வீடுகளில் தக்காளிக்கு மண்ணாகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது பிடிக்கும். பிடித்தும் காற்றுக்கு இடம் விடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: உவர்நீரில் ஊறிய மட்டையின் சோற்றிலே உப்பு இருக்கும். வாங்கிய தும்புச்சோற்றைச் சாக்கிலிட்டு நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது அலசிய பின்னரே கலக்கவேண்டும். கடற்கரைக் கிணற்று நீரில் அலசினால் உப்பை உப்பாற் கழுவியதாக முடியும். குழாய் நீரோ மழை நீரோ கொள்க.

இதனோடு, தம்பலகாமம் கிண்ணியாப் பக்கத்து நெல் ஆலைகளில் உமி கிடைக்கும். சாம்பலாக விடாமற் பாதி கருக்கி நீர் தெளித்து அணைத்த உமிக்கரி மண்ணை இளகச் செய்யும், எடையும் இல்லை. கச்சான் கோதும் அவ்வாறே. நொறுக்கிக் கலந்தால் ஒரு போகம் மண்ணைத் திறந்து வைத்து, பிறகு தானே எருவாகும்.

எருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டெரு, ஆட்டெரு, கிளிசறிடியா இலை எதுவாயினும் மண்வாசனை வரும்வரை மக்கியிருக்கவேண்டும். கையை விட்டால் சூடு தெரிகிற எரு இன்னும் ஆயத்தமாகவில்லை. இளவேரை அது பொசுக்கும். மீன் மலிந்த ஊராதலின் மீன்தலையைச் சாடியிற் புதைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தென்னைக்கு அது சரி. சாடியிற் புதைத்தால் அன்றிரவே அயலிலுள்ள பூனைகளெல்லாம் தோட்டக்கலை பயிலத் தொடங்கும். சீனி போட்ட தேயிலைச் சக்கையும் எறும்புக்கே விருந்து.

அளவுக்கு வருவோம். மிளகாய், கத்தரி, தக்காளி, கறிவேப்பிலை, ரோசா, மல்லிகை ஆகியவற்றுக்கு நாம் கூறும் கலவை: அரித்த செம்மண் 2 கடகம், பரும்படி ஆற்றுமணல் 1 கடகம், மக்கிய கூட்டெரு 1 கடகம், அலசிய தும்புச்சோறு 1 கடகம், உமிக்கரி அரைக் கடகம். கடகம் இல்லாத வீட்டில் வாளி. சிறிய அளவுக்குச் சிரட்டை. போத்தற் சோதனையில் மண்ணே மணற்பாங்கு என்று தெரிந்தவர்கள் ஆற்றுமணலை விட்டுவிட்டு அந்தப் பங்குக்குக் கூட்டெரு சேர்க்கலாம். ஆற்றுமணலைக் கட்டடச் சாமான் கடையிற் சிறிதளவு கேட்டு வாங்குவதே முறை. ஆற்றிலே அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றம், ஆற்றங்கரைக்கும் கேடு.

கலந்தபின் சிறிது நீர் தெளித்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் பிடித்த பிடியாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கலவை சரி. தட்டியும் உதிராமல் கொழுக்கட்டை போல் இருந்தால் களி அதிகம். மணலும் உமிக்கரியும் சேர்க்க. திறந்தவுடனே சிதறினால் தும்புச்சோறு போதாது.

இக்கலவை எல்லாச் சாடிக்கும் ஒன்றா? அன்று. மட்சாடியின் சுவரினூடே ஈரம் கசிந்து உலரும். பிளாஸ்திக்குச் சாடியிலும் பொலித்தீன் பையிலும் ஈரம் மேலாலன்றி உலர வழியில்லை. ஆகவே மட்சாடிக்குத் தும்புச்சோற்றை ஒரு பிடி கூட்டியும், பிளாஸ்திக்குக்கு மணலை ஒரு பிடி கூட்டியும் கலக்கவேண்டும். கறுப்புப் பை வெயிலிற் சுடுமாதலால், கச்சான் காலத்தில் அதனைச் சாக்கினாற் சுற்றி வைப்பது வேருக்கு நிழல். செடியின் குணமும் பார்க்கவேண்டும். வல்லாரை ஈரத்தில் மகிழும். அதற்குக் களி சற்று இருந்தாலும் பாதகமில்லை. கற்றாழைக்குப் பாதிக்குமேல் மணல் வேண்டும். அந்தூரியத்துக்குச் செங்கட்டி நொறுக்கும் பொச்சுமட்டைத் துண்டுகளுமே பெரும்பங்கு. ஓர்க்கிட்டுக்கோ மண்ணே வேண்டாம். மரத்தில் தொற்றி வாழும் குலத்தைச் சேர்ந்த அதனை மண்ணிற் புதைப்பது கொலை. கரியும் ஓட்டுத்துண்டும் மட்டைத்துண்டும் போதும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஒரு குடும்பத்தவை; வாடல் நோயும் அவற்றுக்குப் பொதுவானது. முன்பு அவை பட்டுப்போன இடத்து மண்ணைச் சாடிக்கு எடுக்கவே கூடாது. வேறு மண் கிடைக்காவிடின், ஈரமாக்கி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, ஆனி ஆடி வெயிலிலே ஆறு வாரம் விடுக. லோறன்ஸ் நீராவியாற் செய்த வேலையை நமது சூரியன் விறகுச் செலவின்றி ஓரளவு செய்து தரும்.

இறுதியாக உப்பைப் பற்றி. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறிய கரையோரத் தோட்டங்களிலே இனி எதுவும் முளையாது என்று அஞ்சியவர்கள் பலர். மணற்பாங்கான இடங்களிலே அடுத்தடுத்து வந்த மழை உப்பைக் கழுவிக் கீழே கொண்டு சென்றது; நிலம் மீண்டும் பச்சைகொண்டது. நிலத்துக்கு அந்த ஆழம் இருக்கிறது, சாடிக்கு இல்லை. கோடையில் உவர்க்கும் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றினால், நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் தங்கும். மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை நுனி கருகுவதும் அதன் அடையாளம். சாடியின் கீழே தட்டம் வைத்து, வடிந்த நீரை அதிலேயே நிற்க விடுகிறவர்கள் வெளியேறிய உப்பை மறுபடி உள்ளே அழைக்கிறார்கள். மாதம் ஒருமுறை, சாடியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல நீரை மெல்ல மெல்ல ஊற்றி அடியால் ஓடவிட்டால் உப்பு இறங்கும். அதற்குப் பிறகு சிறிதளவு கூட்டெரு இடவேண்டும். உப்போடு சத்தும் கழுவுண்டு போயிருக்குமல்லவா?

பழைய சாடிமண்ணை எறிந்துவிட வேண்டாம். ஓராண்டுக்குள் தும்புச்சோறும் எருவும் மக்கி அமிழ்ந்து, மண் விளிம்பிலிருந்து மூன்று நாலு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். நோயில்லாத மண்ணாயின் கொட்டி உதிர்த்து, வேர்களைப் பொறுக்கி, ஒன்றுக்குக் கால் பங்கு புதிய கூட்டெருவும் சிறிது உமிக்கரியும் சேர்த்து மீண்டும் நிரப்பலாம். இவ்வேலைக்கு ஏற்ற காலம் புரட்டாதி. கச்சான் தணிந்து, மழை இன்னும் தொடங்காதிருக்கும் அந்தச் சில வாரங்களில் செம்மண் உலர்ந்து அரிதட்டில் எளிதாக இறங்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பின்னர் ஈரமண்ணைப் பிசைந்து நிரப்பினால், அதிலுள்ள காற்றிடமெல்லாம் அப்போதே அடைபட்டுவிடும். மாரியிற் கன்று வைக்க விரும்புகிறவர்கள், கலந்த மண்ணை இரண்டு சாக்கிற் கட்டி நனையாத இடத்தில் இப்பொழுதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.